எட்டு ஏக்கர் தோட்டத்துக்கு ஹைலக்ஸ் எதற்கு?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர் தோட்டம். தென்னை, மஞ்சள், கொஞ்சம் வாழை, மாட்டுக்குத் தீவனத் தட்டு. நான்கு உருப்படி மாடு. வீட்டில் அப்பத்தாவையும் சேர்த்து ஐந்து பேர். பழைய காரைக் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்குக் காராகவும் தோட்டத்துக்கு லோடு வண்டியாகவும் இருக்கட்டும் என்று டொயோட்டா ஹைலக்ஸ் அல்லது இசுசு வி-கிராஸ் எடுக்க நினைக்கிறேன். அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். நீங்கள் லோடு வண்டிகளோடு பழகியவர். என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

தம்பி, அப்பா சொல்வதுதான் சரி. அந்த வண்டிகளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல இன்ஜின், உறுதியான சேஸிஸ், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். ஆனால் உங்கள் தோட்டத்து வேலைக்கும், ஊர்ச் சாலைக்கும், வீட்டு ஆட்களுக்கும் அது பொருந்தாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். சங்ககிரிப் பக்கம் லோடு வண்டிக்கு பாடி கட்டும் பட்டறையிலேயே வளர்ந்தவன் நான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் ஒரு வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் காலி எடை எவ்வளவு, எவ்வளவு ஏற்றலாம், எந்தத் தடத்தில் ஓடப்போகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் விஷயத்தையும் அப்படியே பார்ப்போம்.

ஹைலக்ஸின் காலி எடை ஏறக்குறைய இரண்டு டன். இந்தியாவில் விற்கும் மாடலில் ஏற்றக்கூடிய எடை அரை டன்னுக்கும் குறைவு. வி-கிராஸில் அதையும்விடக் குறைவு. ஷோரூமில் இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். நீங்களே விவரப் புத்தகத்தை வாங்கி, மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். கிடைக்கிற அந்த எண்ணுக்குள் உள்ளே உட்காரும் ஆட்களின் எடையும் அடக்கம். வீட்டில் ஐந்து பேர் ஏறினால் 300, 350 கிலோ அதிலேயே போய்விடும். மிச்சம் இருப்பது புண்ணாக்கு இரண்டு மூட்டைக்குத்தான் இடம் தரும். குடும்பத்தோடு ஈரோடு போய்விட்டு, வரும் வழியில் உரம் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இப்போது நம் குட்டியானையைப் பாருங்கள். டாட்டா ஏஸ் 2005-ல் வந்தபோது காலி எடை சுமார் 800 கிலோ. ஏற்றலாம் என்று கம்பெனி சொன்னது 750 கிலோ. அதாவது தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சுமக்கிறது. சென்னைக் கம்பெனியான அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-ல் வந்தபோதே ஒன்றேகால் டன் ஏற்றியது. மகிந்திரா பொலிரோ பிக்கப்பில் மாடலைப் பொறுத்து ஒன்றரை டன், 1.7 டன் வரைக்கும் ஏற்றலாம். பட்டறைக்காரன் கண்ணில் லோடு வண்டிக்கு அழகு இந்தக் கணக்குத்தான். இரண்டு டன் இரும்பை உருட்டிக்கொண்டு போய் அரை டன்கூட ஏற்ற முடியாத வண்டியை நாங்கள் லோடு வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஐந்து பேர் போகும் கார். பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் விளைச்சலை வைத்தே பார்க்கலாம். மட்டை உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோ என்று வைத்தால் ஆயிரம் காய் அரை டன். ஹைலக்ஸுக்கு அதுவே அதிகம். மஞ்சள் ஏக்கருக்கு 20 குவிண்டால் காய்ந்த சரக்காகக் கிடைத்தால் இரண்டு ஏக்கருக்கு நான்கு டன். அதைப் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கோ ஈரோட்டுக்கோ கொண்டுபோக ஹைலக்ஸில் எட்டு ஒன்பது நடை அடிக்க வேண்டும். பொலிரோ பிக்கப் என்றால் மூன்று நடையில் முடிந்துவிடும். உண்மையில் யாரும் அப்படி நடை அடிப்பதில்லை. அன்றைக்கு ஒரு ஈச்சர் லாரியை வாடகைக்குப் பிடித்து ஒரே நடையில் இறக்கிவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற லோடுக்காக வருடம் முழுக்க ஒரு பெரிய வண்டியை வாசலில் நிறுத்தத் தேவையில்லை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தொட்டி. வெளியே நின்று பார்த்தால் வண்டி மலை போலத் தெரியும். நீளம் 5.3 மீட்டர். ஆனால் அந்த நீளத்தில் பெரும்பகுதியை இன்ஜினும் இரண்டு வரிசை சீட்டும் எடுத்துக்கொள்கின்றன. பின்னால் தொட்டிக்கு மிஞ்சுவது சுமார் ஒன்றரை மீட்டர், ஐந்தடி. மொத்தமே 3.8 மீட்டர் நீளமுள்ள ஏஸின் தொட்டி 2.2 மீட்டர், ஏழடிக்கு மேல். பொலிரோ பிக்கப்பில் ஒன்பதடி, பத்தடி. சின்ன வண்டியில் தொட்டி பெரிது, பெரிய வண்டியில் தொட்டி சிறிது. டேப் வைத்து அளந்து பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள்.

அப்புறம் அந்தத் தொட்டியின் வடிவம். நம் லோடு வண்டிகளில் மூன்று பக்கமும் பலகை கீழே இறங்கும். தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கத்திலிருந்து காயை அள்ளிப் போடலாம். இறக்கும்போது தள்ளிவிடலாம். ஹைலக்ஸில் பின்கதவு மட்டும்தான் திறக்கும். பக்கச் சுவர்கள் காரின் உடம்போடு சேர்ந்தவை. நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். ஒவ்வொரு மூட்டையையும் அந்த உயரத்துக்குத் தூக்கி உள்ளே போட வேண்டும், அல்லது பின்னால் ஏறி உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே இரண்டு பக்கமும் சக்கர வளைவு துருத்திக்கொண்டு அகலத்தைத் தின்கிறது. மாடு ஏற்ற வேண்டுமென்றால்? சினைக்குக் காட்டவோ, கால்நடை மருத்துவமனைக்கோ, கண்ணபுரம் சந்தைக்கோ ஒரு மாட்டைக் கொண்டுபோக ஐந்தடித் தொட்டி எதற்கும் ஆகாது. மாடு நேராக நிற்கவே இடம் போதாது. ஏஸில் கம்பிச் சட்டம் வைத்து, அடியில் வைக்கோல் பரப்பி நிறுத்தினால் அது பாட்டுக்கு நின்றுகொண்டு வரும். சொட்டுநீர்க் குழாய்க்கான 20 அடி பைப் விஷயமும் இதேதான். கேபினுக்கு மேல் சட்டம் வைத்த லோடு வண்டியில் அதைக் கட்டலாம். மேலே வழுவழுவென்று இருக்கிற காரின் கூரையில் எங்கே கட்டுவது?

எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியில், பெயின்ட் பளபளக்கும் தொட்டியில், மண்வெட்டியால் எரு அள்ளிப் போட மனசு வராது. யாரையும் குறையாகச் சொல்லவில்லை, மனித இயல்பு அது. பட்டறைக்கு வரும் இந்த வகை வண்டிகளில் தொட்டிக்குள் ஒரு கீறல்கூட இல்லாதவைதான் நான் பார்த்ததில் அதிகம். வேலைக்கென்று வாங்கிய வண்டி, வேலைக்குப் போகாமல் நிற்கிறது.

பணத்துக்கு வருவோம். ஹைலக்ஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 33.99 லட்சம். அப்புறம் கொஞ்சம் இறங்கியது. எப்படிப் பார்த்தாலும் 30 லட்சத்தைச் சுற்றித்தான் பேச்சு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள்கால வரியை மாற்றியபோது 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார் வகைக்கு 20 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிந்தால் 30 லட்சத்துக்கு வரி மட்டும் ஆறு லட்சம். அந்த வரிப்பணத்துக்கே ஒரு குட்டியானை வந்து நிற்கும். 2025-ல் வந்த ஏஸ் புரோவின் ஆரம்ப விலையே நான்கு லட்சத்துக்குக் கீழேதான், அதுவும் 750 கிலோ ஏற்றுகிறது. இதை அப்பாவுக்கும் சொல்லுங்கள், அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார்.

கடன் போட்டு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 24 லட்சம் கடன், ஏழு வருடம், 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 38,600 ரூபாய். உங்கள் நான்கு மாட்டில் மூன்று கறவையில் இருந்து, நாளைக்கு 25 லிட்டர் ஊற்றி, லிட்டருக்கு 38 ரூபாய் கிடைத்தாலும் மாதம் 28,500. அதில்தான் தீவனமும் வைத்தியமும். ஆக, நான்கு மாடும் நீங்களும் உங்கள் அம்மாவும் விடிகாலையில் எழுந்து உழைப்பது மொத்தமும் போனாலும் அந்த வண்டியின் தவணை தீராது. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. இரண்டு டன் வண்டி நம் சாலையில் லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது. டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் வண்டியின் விலைக்கு ஏற்றபடிதான் வரும்.

வழியைப் பாருங்கள். கொங்கில் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, போகிற வழி பெரும்பாலும் இட்டேரிதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு பாரவண்டி போகிற அகலம். அந்த வழிகளை விட்ட காலத்தில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க இடம் இருக்கும். பல இடங்களில் வேலி முன்னால் நகர்ந்து இப்போது அதுவும் இல்லை. ஹைலக்ஸும் வி-கிராஸும் கண்ணாடி இல்லாமலே 1.86 மீட்டர் அகலம். கண்ணாடியைச் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். ஏஸ் 1.5 மீட்டர். இந்த முக்கால் முழ வித்தியாசம்தான் இட்டேரியில் எதிரே வரும் மொபெட்டுக்கும், தலையில் தட்டுக்கட்டோடு வருகிற ஆளுக்கும் கிடைக்கிற இடம்.

தார் போட்ட கிராமச் சாலைக்கு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒருவழித்தடக் கிராமச் சாலையின் தார் அகலம் பொதுவாக 3.75 மீட்டர். இப்படிப்பட்ட வண்டிகள் இரண்டு எதிரெதிரே வந்தால் இரண்டின் உடம்பு மட்டுமே 3.72 மீட்டர். யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். மண்ணில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: மழைக்காலத்தில் களி, பக்கத்தில் வாய்க்கால், பல இடங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. சாலையோரக் கிணற்றில் வண்டி விழுந்தது என்ற செய்தி நம் மாவட்டங்களில் எத்தனை தடவை வந்துவிட்டது. அகலமான வண்டிக்காரர் பெரும்பாலும் இறங்க மாட்டார், எதிரே வருகிற இருசக்கர வண்டிக்காரர்தான் இறங்குவார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒருவர் வாங்குகிற வண்டியின் அகலத்துக்கு ஊரில் மற்றவர்கள் வழி விட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வண்டியைத் திருப்பும் கணக்கும் இருக்கிறது. ஹைலக்ஸின் திருப்பு ஆரம் 6.4 மீட்டர், ஏஸுக்கு 4.3. அதாவது ஒரே வீச்சில் முழுதாகத் திரும்ப ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 13 மீட்டர் வேண்டும், மற்றதுக்கு ஒன்பது மீட்டருக்குள் போதும். உங்கள் களத்தில், கட்டுத்தரைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில், எவ்வளவு இடம் இருக்கிறது என்று எட்டு வைத்துப் பாருங்கள். டவுனில் கார் நிறுத்தக் குறிக்கும் கட்டம் பொதுவாக ஐந்து மீட்டர் நீளம்தான். உங்கள் வண்டியின் மூக்கோ வாலோ வெளியே நிற்கும். ஈரோடு மணிக்கூண்டுப் பக்கமும், கோவை ஒப்பணக்காரத் தெருவிலும், திருப்பூர் குமரன் சாலையிலும் அதை வைத்துக்கொண்டு படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை.

வீட்டு ஆட்களின் சௌகரியத்தையும் நினைத்துப் பாருங்கள். சொல்லப்போனால் இந்த வண்டியில் அதிகம் கஷ்டப்படப் போவது அப்பத்தாதான். சேலை கட்டிய வயதானவர், முட்டிவலி உள்ளவர், அந்த உயரத்துக்குக் கால் தூக்கி ஏறுவது தினமும் ஒரு போராட்டம். பின்சீட்டின் முதுகு நிமிர்ந்து நிற்கும், ஏனென்றால் அதன் பின்னாலேயே தொட்டி. பின்பக்கம் இருப்பது சுமைக்கான பட்டை ஸ்பிரிங். சுமை இல்லாமல் காலியாகப் போகும்போது பின்பக்கம் துள்ளும், குழியில் இறங்கினால் முதுகில் இடிக்கும். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கோவைக்குப் போகிற நாளில் சாதாரண காரின் பின்சீட்டு எவ்வளவு மேல் என்று தெரியும். அந்த நாளுக்காகவாவது பழைய காரைக் கொடுக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897, நடந்து போனவர்கள் 32,825. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. இறந்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல், சுற்றிலும் இரும்புக் கூண்டு எதுவும் இல்லாதவர்கள். வண்டி முகப்பின் உயரம் அவர்களுக்கு என்ன செய்யும் என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. பேனட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கிற வண்டி நடந்து போகிறவர்மேல் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் கீழோ இருந்து சரிவாக அமைந்த வண்டியைவிட அவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். காரணம் எளிது. தாழ்வான கார் காலில் அடித்து ஆளைப் பேனட்மேல் சாய்க்கும். உயரமான முகப்பு நெஞ்சிலும் தலையிலும் நேராக அடித்துக் கீழே தள்ளும். கீழே விழுந்தவர்மேல் சக்கரம் ஏறும் ஆபத்தும் அதிகம்.

மோதுவதற்கு முன்னாலேயே இன்னொரு பிரச்சினை, முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியாது. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். டெஸ்ட் டிரைவ் போகும்போது இதைச் செய்து பாருங்கள். வண்டியை நிறுத்தி, நீங்கள் ஓட்டுநர் இடத்தில் உட்காருங்கள். ஒருவரை ஒரு குடத்தை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு பம்பரிலிருந்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகரச் சொல்லுங்கள். எத்தனையாவது அடியில் குடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். சாளை வாசலில் குழந்தை ஓடும், ஆடு படுத்திருக்கும், கூலிக்கு வந்தவர்கள் நிழலென்று வண்டி முன்னாலேயே உட்காருவார்கள். அங்கே ஓட்டுவதற்கு எந்த வண்டி வேண்டும் என்று அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு பெரிய வண்டியை முதலில் யார் கேட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அமெரிக்காவில் இது விவசாயியின் தேவையில் தொடங்கி, சட்டத்தின் ஓட்டைகளில் கொழுத்த கதை. 1964-ல் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி போட்ட கோபத்தில், அமெரிக்கா வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. பல்லடத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும்: கோழிச் சண்டையில் போட்ட அந்த வரி இன்னும் நிற்கிறது. ஜப்பானின் சின்னஞ்சிறு லோடு வண்டிகள் அங்கே பெருகாமல் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபோது கார்களுக்குக் கடுமையான விதி, லாரி வகைக்குத் தளர்வான விதி என்று பிரித்தார்கள். அப்புறம் வண்டியின் தரைப்பரப்பு கூடக்கூட விதி இன்னும் தளர்ந்தது. 6,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடையுள்ள வண்டியைத் தொழிலுக்கென்று வாங்கினால் வருமான வரியில் பெரிய கழிவு வேறு. கம்பெனிகளுக்கு ஒரு வண்டியில் கிடைக்கும் லாபமும் இதில்தான் அதிகம். எல்லாம் சேர்ந்து வண்டியை ஊதவைத்தன.

ஃபோர்டின் எஃப் வரிசைதான் அங்கே நெடுங்காலமாக அதிகம் விற்கும் பிக்கப் வகை, எஃப்-150 அதைச் சேர்ந்தது. அதன் முதல் தலைமுறையில் கேபினும் தொட்டியும் சேர்ந்த நீளத்தில் 64 சதவீதம் தொட்டி, 36 சதவீதம் கேபின். 2021-ல் அப்படியே தலைகீழ்: 63 சதவீதம் கேபின், 37 சதவீதம் தொட்டி. உரிமையாளர்களைக் கேட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பில், வண்டிக்குப் பின்னால் எதையும் கட்டி இழுப்பது வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவோதான் என்று நான்கில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல், தொட்டியில் சுமை ஏற்றுவதே வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை என்றார்கள். இன்னொரு பக்கம், அங்கே நடந்து போகையில் அடிபட்டு இறந்தவர்கள் 2009-ல் சுமார் 4,100. 2022-ல் 7,500-ஐத் தாண்டிவிட்டது. முழுக்க இந்த வண்டிகளால்தான் என்று சொல்ல முடியாது. வேகம், இரவு வெளிச்சம், சாலை அமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் இவற்றின் பங்கைச் சாலைப் பாதுகாப்புக்காரர்கள் ஒதுக்கிவிடவில்லை.

அங்கே ஒரு பண்ணையின் சராசரி அளவு 450 ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அமெரிக்காவின் அந்தப் பெரிய நிலத்துக்கு உருவான வண்டியே அங்கே பெரும்பாலும் வெறுமனே ஓடுகிறது என்றால், நமக்கு அது எதற்கு? நம் அரசின் வரி விதிகள் நான்கு மீட்டருக்குள் இருக்கிற சிறு கார்களுக்குத்தான் வெகுநாளாகச் சலுகை கொடுத்து வந்திருக்கின்றன. நம் சாலைக்கு அதுதான் பொருத்தம். சிறு நிலம் வைத்திருக்கும் ஜப்பான் விவசாயி ஓட்டுவது 3.4 மீட்டர் நீளம், 660 சிசி இன்ஜின் கொண்ட குட்டி லாரி. அதன் தொட்டி, எஃப்-150-ல் அதிகம் விற்கும் ஐந்தரை அடித் தொட்டியைவிட நீளம்.

இந்தப் பெரிய பிக்கப் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வால்பாறை, கோத்தகிரி, கூடலூர் பக்கம் எஸ்டேட்டுக்குள் மழையில் வழுக்கும் செங்குத்துத் தடம் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்காவிட்டால் ஏற முடியாத இடங்கள் அவை. நான்கைந்து ஆட்களும் கருவிகளும் சேர்ந்து காட்டுத்தடத்தில் போயே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. அவர்களுக்கு அது கருவி. கோபிப் பக்கம் வாய்க்கால் பாசனத்துச் சமவெளியில் உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. மழை நாளில் வண்டி சிக்கினால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் பத்து நிமிடத்தில் வந்து இழுத்துவிடும்.

அப்படியென்றால் என்ன வாங்குவது? பழைய கார் ஓடுகிற நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் பிறகு ஒரு நல்ல சிறிய கார். தோட்டத்துக்கு ஒரு குட்டியானையோ தோஸ்த்தோ. வாரம் ஒரு தடவைக்கு மேல் லோடு இருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். அதற்கும் குறைவென்றால் ஊரில் வாடகைக்கு ஓட்டுகிற தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது பிழைப்பு. ஆட்களும் சரக்கும் ஒரே வண்டியில் போக வேண்டிய கட்டாயம் உண்மையிலேயே இருந்தால், பொலிரோ கேம்பர் மாதிரி இரட்டைக் கேபின் வேலை வண்டிகள் ஹைலக்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். சுமையும் அதிகம் தாங்கும்.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் ஏகப்பட்ட அலைச்சல் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அவ்வளவு பயம் தேவையில்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரை உள்ள வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றை மட்டும் மறக்காதீர்கள்: முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கப்புறம் வருடா வருடம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கோயிலுக்கென்றும் களையெடுக்கவென்றும் லோடு தொட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். சட்டப்படி தப்பு, இன்சூரன்ஸும் கை கொடுக்காது. கவிழ்ந்தால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் மொத்தமாகத் தூக்கி வீசப்படுவார்கள். நம் பக்கத்தில் அப்படிப் போன உயிர்கள் போதும். பெரிய வண்டிதான் என்று முடிவே செய்துவிட்டீர்களென்றால், முன்னால் இரும்புப் பம்பர் மாட்டாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அடிபடுகிறவருக்கும் கேடு, உள்ளே இருக்கிற உங்கள் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

ஷோரூமுக்குப் போகும் முன்னால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இட்டேரியின் மிகக் குறுகிய இடம், தோட்டத்துக் கேட், களத்தின் குறுக்களவு மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மாதத்தில் எத்தனை நடை, என்ன சரக்கு, எவ்வளவு எடை என்றும் எழுதி அனுப்புங்கள். ஏஸ் போதுமா, தோஸ்த் வேண்டுமா, தொட்டிக்கு எந்த உயரத்தில் சட்டம் கட்டினால் மாட்டுக்கும் காய்க்கும் சரியாக வரும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.